சக்கரத்தில் படிந்தது

சென்ற ஐப்பசியில் ஊருக்குப் போயிருந்தபோது, செண்பகத்தோப்பில் இருக்கும் மாமாவின் தோப்பில் ஒரு பகல் முழுவதும் தங்கியிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே எட்டு கிலோமீட்டர் தொலைவு இருக்கும். மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் முடிகிற இடத்தில் காடு தொடங்கிவிடும். 1988இல் சாம்பல் நிற மலை அணிலுக்காகச் சரணாலயம் என்று அறிவிக்கப்பட்ட காடு. 2021இல் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகத்தில் அதுவும் சேர்த்தி. முந்தின நாள் மலையில் நல்ல மழை. தோப்பை ஒட்டிய வாய்க்காலில் செந்நீர் வடிந்து தெளிந்து, கூழாங்கற்கள் தெரிய ஓடிக்கொண்டிருந்தது.

சென்னையிலிருந்து ஓட்டிக்கொண்டு போயிருந்த காரின் நான்கு சக்கரங்களிலும் சேறு அப்பியிருந்தது. தோப்புக்குள் வரும் வண்டித்தடம் அப்படி. அலாய் சக்கரங்கள், வாங்கிய புதிதில் வெள்ளித் தாம்பாளம் போல மின்னியவை. சேற்றுக்கு அடியில் அதைவிடப் பழைய ஓர் அழுக்கும் இருந்தது. கறுப்பென்றும் சொல்ல முடியாது, பழுப்பென்றும் சொல்ல முடியாது. விரலால் தொட்டால் மை போல ஒட்டும். துணியால் துடைத்தால் இடம் மாறுமே தவிரப் போகாது. இத்தனை தண்ணீர் சும்மா ஓடுகிறதே, இரண்டையும் ஒன்றாகக் கழுவிவிடலாம் என்று வாளியை எடுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கினேன்.

தோப்புக் காவலுக்கு இருக்கும் அண்ணாச்சி களத்து மேட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வயது எழுபதைத் தாண்டியவர். ஒரு காலத்தில் லாரியில் கிளீனராகத் தொடங்கி ஓட்டுநராக ஓய்ந்தவர். எழுந்து வந்து சக்கரத்தின் பக்கத்தில் குந்தினார். ஒரு விரலால் சேற்றை வழித்தார். அடியில் இருந்த கறுப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“தம்பி, மண்ணக் கழுவிக்கிடுங்க. இந்தக் கருப்ப இதுல கழுவ வேணாம்.”

“ரெண்டும் அழுக்குத்தான அண்ணாச்சி?”

“மண்ணு இங்க உள்ளது. இங்கனயே கெடக்கும். கருப்பு நீங்க கொண்டாந்தது. இந்தத் தண்ணி கீழ கம்மாய்க்குல்ல போகுது.”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. படித்தவன் ஒருவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கிறதே என்பதால் வந்த சுருக்கம். வாளியைக் கரையில் வைத்தேன். அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நகத்தில் ஒட்டியிருந்ததை வேட்டி ஓரத்தில் துடைத்தபடி, வேறு ஏதோ பேசுவது போலச் சொன்னார்:

“இது பிரேக்குத் தூசி. ஒங்கப்பா கையி எப்பவும் இந்த நெறத்துலதான் இருக்கும்.”

அப்பா இறந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவர் கையின் நிறத்தை நான் மறந்திருந்தேன்.

*

அப்பா ராஜபாளையத்தில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். மோட்டார் வேலை தெரிந்தவர்தான் என்றாலும் அவருக்கென்று ஒரு மூலை உண்டு. லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் பிரேக் லைனிங் அடிக்கிற மூலை. சிமெண்டும் நூலும் ஏற்றிக்கொண்டு செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குப் போகும் லாரிகள் மலை இறங்கி ஏறித் திரும்பும்போது பிரேக்குகள் வெந்துபோய் வரும். டிரம்மைக் கழற்றினால் உள்ளே ஒரு படி கொள்ளும் அளவுக்குச் சாம்பல் தூசி அடைந்திருக்கும். அப்பா குனிந்து வாயாலேயே அதை ஊதுவார். பிற்காலத்தில் கம்ப்ரஷர் வந்தது. அது இன்னும் வேகமாக ஊதியது. பட்டறை முழுவதும் ஒரு கணம் பனி மூடியது போல ஆகும். பிறகு தேய்ந்த லைனிங்கை உளியால் பெயர்த்து எடுத்து, புதிய லைனிங்கைத் துளையிட்டு, ரிவெட் அடித்து, ஓரங்களைத் தேய்த்துச் சரி செய்வார். கோடை விடுமுறையில் நான் மதியச் சோறு கொண்டுபோவேன். தூக்குவாளியின் மூடியை அவர் திறப்பதற்கு முன்பு ஒருமுறை ஊதுவார். மூடியிலும் தூசி இருக்கும்.

சாயங்காலம் மண்ணெண்ணெயில் கை கழுவி, பிறகு சோப்பும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்ப்பார். தோல் சிவக்கும். ஆனால் ரேகைகளிலும் நகக்கண்ணிலும் கறுப்பு மட்டும் போகாது. என் பள்ளிச் சான்றிதழ் ஒன்றில் கையெழுத்திடும்போது ஓரத்தில் ஒரு பெருவிரல் ரேகை விழுந்துவிட்டது. கைநாட்டு வைக்கத் தெரியாதவர் அப்பா. ஆனாலும் அவருடைய கைநாட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது.

அந்தக் காலத்துக் கார்களில் பிரேக் தூசி கண்ணில் படாது. அம்பாசிடரின் சக்கரத்தை நினைத்துப் பாருங்கள். இரும்புச் சக்கரம், அதன் மேல் பளபளக்கும் கும்பா. பிரேக் முழுவதும் டிரம் என்ற மூடிய கலத்துக்குள் இருந்தது. தேய்ந்ததெல்லாம் உள்ளேயே தங்கியது. வண்டிக்குச் சொந்தக்காரர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார். அதைத் திறந்து பார்ப்பதற்கென்று வேறு ஆட்கள் இருந்தார்கள்.

டிஸ்க் பிரேக் வந்த பிறகு கதை மாறியது. வார்ப்பிரும்பால் ஆன ஒரு வட்டத்தகடு சக்கரத்தோடு சேர்ந்து சுழல்கிறது. மிதியை அழுத்தியதும் இரு பக்கமும் இருக்கும் பிரேக் பேடுகள் அதை இறுக்கிப் பிடிக்கின்றன. எல்லாம் திறந்த வெளியில் நடக்கிறது. 1200 கிலோ எடையுள்ள கார் ஒன்று மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து முழுதாக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஓட்டம் வெப்பமாக மாறுகிறது. ஏறத்தாழ அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம். சிக்னலுக்குச் சிக்னல் இரண்டு பேருக்குக் காப்பி போடத் தண்ணீர் காய்கிறது என்று சொல்லலாம். அந்தச் சூட்டில் பேடும் தேய்கிறது, தகடும் தேய்கிறது. இரும்புத் துகள், கிராஃபைட், பிசின், ரப்பர் எல்லாம் கலந்து பொடியாகி, சூடு ஆறாமலே பறந்துபோய்ச் சக்கரத்தின் முகத்தில் ஒட்டுகின்றன. நாம் அழுக்கு என்று சொல்வதில் பெரும்பங்கு இரும்பு. ஒட்டிய இரும்பு ஈரம் பட்டதும் துருப்பிடிக்கிறது. துரு உப்பிச் சக்கரத்தின் மேற்பூச்சைக் கவ்விக்கொள்கிறது. அலாய் சக்கரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிந்தால் அவை அலுமினியத்தின் துரு அல்ல. வேறொன்றின் துரு வந்து குடியேறியிருக்கிறது என்று பொருள்.

முன் சக்கரங்களில்தான் அழுக்கு அதிகம். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியை முன் சக்கரங்களே செய்கின்றன. நம் ஊரில் ஓடும் பல கார்களில் பின்னால் இன்னமும் டிரம்தான். பின் சக்கரங்கள் அதனால் சுத்தமாக இருப்பது போலத் தோன்றும். உள்ளே இருப்பது வெளியே தெரியவில்லை, அவ்வளவே.

*

நான் இதையெல்லாம் கற்றுக்கொண்டது ஒரு தவற்றின் வழியாக.

இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு திருமணத்துக்குப் போக வேண்டியிருந்தது. சக்கரங்களைப் பாத்திரம் விளக்குவது போலக் கம்பி நாரால் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை. பொறுமை போய்விட்டது. கழிப்பறை கழுவும் ஆசிட்டை எடுத்து வலது முன் சக்கரத்தில் ஊற்றினேன். சீறிக்கொண்டு நுரைத்தது. அழுக்கு கரைகிறது என்று மகிழ்ந்தேன். உண்மையில் கரைந்தது சக்கரம்.

அலுமினியத்துக்கு இயற்கை தந்த ஒரு மெல்லிய போர்வை உண்டு; காற்று பட்டதும் அதன் மேல் படரும் ஆக்சைடு படலம். அந்தப் படலம் இருக்கும்வரை அது அரிபடாது. அமிலம் அதைக் கரைத்துவிடும். காரச் சோடா போன்ற வலுவான காரமும் கரைத்துவிடும். இரண்டு பக்கமும் தோற்கிற உலோகம் அது. நான் தண்ணீர் ஊற்றிக் கழுவியபோது கறுப்பு போயிருந்தது. மறுநாள் வெயிலில் பார்த்தேன். பூச்சு செதில் செதிலாக உரிந்து, அடியில் வெண்குட்டம் போல வெளுத்த திட்டுகள். இன்றும் அவை இருக்கின்றன. மெருகேற்றித் தருவதாகச் சொன்ன கடைக்காரர்கள் உண்டு. ஏனோ கொடுக்கவில்லை.

பிறகு நிதானமாகப் படித்தும் கேட்டும் ஒரு முறையை வகுத்துக்கொண்டேன். பயன்படும் என்பதால் எழுதிவைக்கிறேன்.

வண்டி ஓடி நின்றதும் கழுவக் கூடாது. தகடு ஆற வேண்டும். சூட்டில் தண்ணீர் பட்டால் தகடு கோணலாம், மருந்தும் உலர்ந்து கறையாகலாம். நிழலில் நிறுத்தி, ஒரு நேரத்தில் ஒரு சக்கரம் மட்டும். உடலைக் கழுவுவதற்கு முன்பே சக்கரங்களைக் கழுவிவிட வேண்டும். இல்லையென்றால் தெறிப்பது எல்லாம் கழுவிய இடத்திலேயே போய் ஒட்டும். சக்கரத்துக்கென்று தனி வாளி, தனித் துணி. அந்தத் துணி ஒருபோதும் காரின் மேனிக்குப் போகக் கூடாது. அதில் இருப்பது இரும்புப்பொடி, உப்புத்தாள் போலக் கீறும்.

முதலில் வெறும் தண்ணீர். மணலும் சேறும் தேய்க்காமலே போகட்டும். பிறகு அமிலமோ காரமோ இல்லாத ஷாம்பூவை நுரைத்து, மென்மையான தூரிகையால் ஆரக்கால்களின் இடுக்குகளிலும், போல்ட்டுகள் அமர்ந்த குழிகளிலும், கை நுழைகிற மட்டும் உட்புறத்திலும். பாதி அழுக்கு இதிலேயே போய்விடும். தார்ப்புள்ளிகள் இருந்தால் துணியில் சிறிது மண்ணெண்ணெய் தொட்டு ஒற்றி எடுத்து, உடனே சோப்பு நீரால் கழுவிவிடலாம். அப்பாவின் முறைகளில் இது ஒன்றுதான் என்னிடம் மிச்சம்.

பிடிவாதமான இரும்புக்குத்தான் மருந்து. இரும்பு நீக்கி என்று கடைகளில் கிடைக்கிறது. அதில் இருக்கும் தையோகிளைகோலேட் என்ற பொருள், அழகு நிலையங்களில் முடியைச் சுருளாக்கும் திரவத்திலும் உண்டு. அழுகிய முட்டை வாடை வரும். கையுறை வேண்டும், காற்றோட்டம் வேண்டும். தெளித்த ஒன்றிரண்டு நிமிடங்களில் நிறமற்ற அந்தத் திரவம் இரும்பைத் தொட்ட இடமெல்லாம் ஊதா நிறமாகி வழியத் தொடங்கும். முதல்முறை பார்க்கிறவருக்கு, சக்கரத்துக்குக் காயம் பட்டு இரத்தம் வடிவதாகவே தோன்றும். சுத்தமாக இருக்கிறது என்று நினைத்த இடத்திலிருந்தும் வடியும். காய விடாமல், புட்டியில் சொல்லியிருக்கும் நேரத்துக்குள் கழுவிவிட வேண்டும். அதற்குப் பிறகும் ஏதேனும் ஒட்டியிருந்தால் விட்டுவிட்டு அடுத்தமுறை பார்த்துக்கொள்ளலாம். ஒரே நாளில் தீர்த்துவிட வேண்டும் என்ற வெறிதான் என்னை ஆசிட்டிடம் கொண்டுபோய் விட்டது.

கடைசியில் ஈரம் ஒற்றி, மெல்லிய மெழுகுப் பூச்சு ஒன்று. அதன் மேல் விழும் தூசி அடுத்தமுறை வெறும் தண்ணீரிலேயே வழுக்கிக்கொண்டு போகும். எல்லாம் முடிந்ததும் வண்டியைச் சிறிது தூரம் நகர்த்தி மெல்லப் பிரேக் பிடித்துத் தகட்டை உலர்த்திவிட வேண்டும். சற்று முன் கழுவிய சக்கரத்தில் அப்போதே முதல் தூசி விழுந்துவிடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

*

இந்த முறையில் ஓர் ஓட்டை இருந்தது. அந்த ஊதா நீர் எங்கே போகிறது என்று நான் யோசித்ததே இல்லை. சென்னையில் அது தெருவோரச் சாக்கடைக்குப் போனது. போனதும் என் கணக்கிலிருந்து கழிந்தது. செண்பகத்தோப்பின் வாய்க்காலில், கூழாங்கல் தெரியும் தண்ணீரில் அண்ணாச்சி கை நீட்டித் தடுத்தபோதுதான் அந்தக் கணக்கு கழியவில்லை என்று தெரிந்தது.

உலகின் வேறு மூலைகளில் இதை வெகு காலமாகவே கணக்குப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மேற்குக் கரையில் பிரேக் பேடுகளில் இருக்கும் செம்பு மழைநீரோடு ஓடைகளில் கலக்கிறது, சால்மன் மீன்களின் மோப்ப உணர்வை அது கெடுக்கிறது என்று கண்டார்கள். பிறந்த ஆற்றை மோப்பத்தால் தேடித் திரும்புகிற மீன் அது. வாஷிங்டன் மாநிலமும் கலிஃபோர்னியாவும் 2010இல் சட்டம் இயற்றின. கலிஃபோர்னியாவில் 2021 முதல் செம்பு 5 விழுக்காட்டுக்குள், 2025 முதல் 0.5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று ஆனது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய யூரோ 7 விதிகள் முதன்முறையாகப் புகைக்குழாயைத் தாண்டிப் பிரேக்கையும் அளக்கின்றன. எஞ்சின் உள்ள கார்களுக்கு ஒரு கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், முழு மின்சாரக் கார்களுக்கு 3 மில்லிகிராம் என்று பிரேக் தூசிக்கு வரம்பு. மின்சாரக் கார்கள் வேகத்தின் ஒரு பகுதியை மோட்டார் வழியாகவே மின்கலத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுவதால் அவற்றின் பிரேக்குக்கு வேலை குறைவு.

ஓடைக்கும் மீனுக்கும் சட்டம் வந்திருப்பது நல்லது. ஆனால் அன்று தோப்பில் எனக்கு அதற்கும் முந்தைய தூசி நினைவுக்கு வந்துவிட்டது.

அப்பாவின் காலத்து லைனிங்குகளில் இருந்தது ஆஸ்பெஸ்டாஸ், கல்நார். தீயில் வேகாத நார் என்பதால் பிரேக்குக்கு அதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை என்று கருதினார்கள். ஓடித் தேய்ந்த லைனிங்கின் தூசியில் அதன் பெரும்பகுதி சூட்டில் வேறு கனிமமாக மாறியிருக்கும் என்கிறார்கள். ஆபத்து கூடுதலாக இருப்பது புதிய லைனிங்கைத் துளையிடும்போதும் தேய்க்கும்போதும். அப்போது பறப்பது மாறாத நார். அப்பாவின் மூலையில் நாள் முழுவதும் நடந்தது அதுதான். இந்த நார் நுரையீரலுக்குள் போனால் நோயாக வெளிப்பட இருபது, முப்பது ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகலாம். 1995இல் நம் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர்கள் பற்றிய வழக்கொன்றில் முக்கியமான தீர்ப்பை வழங்கியது. தொழிலாளியின் உடல்நலம் வாழும் உரிமையைச் சேர்ந்தது என்றது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகளுக்கோ, வேலையை விட்டதிலிருந்து 15 ஆண்டுகளுக்கோ, எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்றது. ஆலைகளும் சுரங்கங்களும் அந்தத் தீர்ப்பின் கண்ணில் பட்டன. சாலையோரப் பட்டறையின் ஒரு மூலையில் குனிந்து ஊதிக்கொண்டிருந்த மனிதர் எந்தப் பதிவேட்டில் இருந்தார்?

அப்பாவுக்குக் கடைசி மூன்று ஆண்டுகள் மூச்சு வாங்கியது. மாடிப்படி ஏற முடியாமல் ஆகி, பிறகு திண்ணைப்படியும் முடியாமல் ஆயிற்று. பார்த்த மருத்துவர் கேட்டது ஒரே கேள்வி: பீடி உண்டா? உண்டு. அவர் எழுதிக்கொண்டார். என்ன வேலை பார்த்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. புகையும் கல்நாரும் சேர்ந்தால் தீங்கு கூட்டலாக அல்ல, பெருக்கலாகிறது என்று பின்னாளில் படித்தேன். அப்பாவின் நோய் எதனால் வந்தது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. கேட்கப்படாத கேள்வி ஒன்று இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

*

அன்று மாலை தோப்பிலிருந்து திரும்பும்போது ரத வீதியில் பெரிய தேரைப் பார்த்தேன். ஆடிப்பூரம் முடிந்து நிலையில் நின்றுகொண்டிருந்தது. சிறுவயதில் அப்பா என்னை ஆடிப்பூரத் தேரோட்டத்துக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போவார். அவர் வடம் பிடித்து நான் பார்த்ததில்லை. கூட்டம் அலங்காரத்தையும் கோபுரத்தையும் பார்த்திருக்க, அவர் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நகர்ந்து வரும் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டையைச் செருகிவிட்டுக் கையை உருவிக்கொள்கிற ஆட்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கட்டை நசுங்கி, தேய்ந்து, சில நேரம் கருகுகிற வாடை வரும். தேர் திரும்புவதும் நிற்பதும் அந்தக் கைகளின் கணக்கில்தான்.

“இழுக்குறதுக்கு ஆயிரம் பேரு இருக்கான். நிப்பாட்டுறதுக்கு நாலு பேருதான்” என்பார்.

நம் மொழி ‘முட்டுக்கட்டை’ என்ற சொல்லை ஒரு குற்றச்சாட்டாக மட்டுமே வைத்திருக்கிறது. நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறான் என்கிறோம். தேரை வீட்டுச் சுவரில் மோதாமல் காத்த கட்டைக்கு நாம் வைத்த பெயர் அது. இப்போது திருச்சி பெல் நிறுவனம் தமிழகத்தின் பல தேர்களுக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து தந்திருக்கிறது. கை நசுங்குகிற பயம் குறைந்திருக்கிறது, நல்லதுதான். அப்பா இருந்திருந்தால் தேருக்கு அடியில் குனிந்து அதன் பிரேக்கைப் பார்த்திருப்பார். லைனிங் எத்தனை கனம் என்று விரலால் அளந்தும் பார்த்திருப்பார்.

மறுநாள் காலை வீட்டு முற்றத்தில் சக்கரங்களைக் கழுவ உட்கார்ந்தேன். முறையைக் கொஞ்சம் மாற்றினேன். காய்ந்த தூசியைத் தட்டவில்லை, ஊதவில்லை. முதலில் ஈரத்துணியால் ஒற்றியே எடுத்தேன். எடுக்க எடுக்கத் துணி கறுத்தது. அதன் பிறகுதான் நுரை. பிடிவாதமான இடத்துக்கு மட்டும் மருந்து. கழுவிய நீரைத் தாம்பாளம் போன்ற ஒரு பழைய தட்டில் ஏந்தி வாளியில் சேர்த்தேன். அரை நாள் தெளிய விட்டு, மேல்நீரைச் சாக்கடையில் ஊற்றி, அடியில் தங்கிய கறுப்பு வண்டலைப் பையில் கட்டிக் குப்பையில் சேர்ப்பதாகத் திட்டம். தெளிந்த நீரிலும் இரும்பும் மருந்தும் கரைந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். குப்பைக்குப் போவதும் எங்கோ போய்ச் சேரத்தான் போகிறது. வாய்க்காலுக்குப் போகவில்லை என்ற அளவில் ஒரு சமாதானம்.

வலது முன் சக்கரத்தின் வெள்ளைத் திட்டுகளுக்கு வந்தபோது அம்மா திண்ணைக்கு வந்தாள். எண்பதை நெருங்குகிறவள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கையில் ரப்பர் கையுறை, முகத்தில் துணிக்கவசம், கண்ணில் கண்ணாடி.

“ஒரு சக்கரத்துக்கா இம்புட்டு?”

“இது நல்ல தூசி இல்லம்மா. மூச்சுல போகக் கூடாது.”

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். கறுப்பு இன்னும் அடங்காமல் சுழன்றுகொண்டிருந்தது.

“ஒங்கப்பா காக்கிச் சட்டைய தெனமும் நாந்தான் ஒதறுவேன்” என்றாள். “இந்தா, நீ ஒக்காந்திருக்கியே, இதே எடத்துல நின்னு. ஒதறி முடிக்க, எம் மொகமெல்லாம் சாம்பலாக் கெடக்கும். நீ எங்காலக் கட்டிக்கிட்டு நிப்ப.”

சொல்லிவிட்டு உள்ளே போனாள். காப்பிக்கு அடுப்பு மூட்டும் சத்தம் கேட்டது. பிறகு வழக்கமான இருமல், இரண்டு முறை. அந்த இருமலை நான் வெகு காலமாகக் கேட்டுவருகிறேன்.

கையிலிருந்த துணியை வழக்கம்போல உதறப் போனவன் நிறுத்திக்கொண்டேன். ஈரத்தோடே நான்காக மடித்து வாளியின் விளிம்பில் வைத்தேன். உள்ளே போய், அடுத்த வாரம் அம்மாவை மதுரைக்கு அழைத்துப்போய் நெஞ்சைப் பரிசோதிக்க வேண்டும் என்று தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன். என்ன திடீரென்று என்று கேட்டான். மருத்துவர் கேட்காவிட்டாலும் அப்பா என்ன வேலை பார்த்தார் என்பதை நாமே சொல்லிவிட வேண்டும் என்றேன்.